சக்தி கிடைக்கும், ஆனால்…: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஒரு சக்தி தருகிறேன், கூடவே ஒரு குறையும் வரும். எடுத்துக்கொள்வாயா?" இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பல வருடங்களாக நண்பர்களோடும் உறவுக்காரப் பிள்ளைகளோடும் விளையாடி வருகிறேன். நீண்ட பயணங்களில், தூக்கம் வராத இரவுகளில், காத்திருக்க வேண்டிய இடங்களில் எல்லாம் ஆடியிருக்கிறோம். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்த பதில்களைக் கீழே வைத்திருக்கிறேன்.

இது என்ன விளையாட்டு? எப்படி ஆடறது?

ஒருவர் கேட்பவர், மற்றவர்கள் தேர்ந்தெடுப்பவர்கள். கேட்பவர் இரண்டு அல்லது மூன்று சக்திகளைச் சொல்வார். ஒவ்வொன்றோடும் ஒரு குறை ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் குறையை எங்கள் கூட்டத்தில் 'ஆனால்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பறக்கலாம், ஆனால் நடக்கும் வேகத்தில்தான். யார் எந்த மொழியில் பேசினாலும் புரியும், ஆனால் இனி எந்தப் பாட்டும் காதுக்கு இனிக்காது. தொலைந்த பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம், ஆனால் அது அடுத்தவர் தொலைத்ததாக இருக்க வேண்டும். இப்படி.

ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு, ஏன் அதை எடுத்தோம் என்று சொல்ல வேண்டும். 'எனக்கு எதுவும் வேண்டாம்' என்ற பதிலும் செல்லும், அதற்கும் காரணம் சொன்னால். வெற்றி தோல்வி கிடையாது. ஒரு காலத்தில் புள்ளி கொடுத்து ஆடிப் பார்த்தோம். எல்லோரும் மற்றவர்களுக்குப் பிடிக்கிற பதிலாகப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்ததால் அதை விட்டுவிட்டோம்.

குறை எதுக்கு? சக்தியை மட்டும் குடுத்தா நல்லாதானே இருக்கும்?

குறை இல்லாமல் கேட்டுப் பாருங்கள். பத்து நொடியில் பதில் வந்துவிடும், அதோடு பேச்சும் முடிந்துவிடும். குறையைச் சேர்த்தவுடன்தான் ஆள் நிமிர்ந்து உட்கார்ந்து யோசிக்க ஆரம்பிக்கிறார்.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. வரம் என்று வந்தாலே அதில் ஒரு ஓட்டை இருப்பதாகத்தான் பழைய கதைகள் எல்லாம் சொல்கின்றன. யார் தலையில் கை வைத்தாலும் அவர் சாம்பலாக வேண்டும் என்று வரம் வாங்கிய பஸ்மாசுரன், கடைசியில் தன் தலையிலேயே கை வைத்துக்கொண்டான். கிரேக்கக் கதையில் மைதாஸ் அரசன் தொட்டதெல்லாம் பொன்னாக வேண்டும் என்று கேட்டான். சாப்பாட்டைத் தொட்டபோதுதான் தான் கேட்டது என்ன என்று அவனுக்குப் புரிந்தது. இரண்டு பேருமே சக்தியைப் பற்றி நிறைய யோசித்தார்கள், சக்தி கையில் இருக்கும் ஒரு முழு நாளைப் பற்றி யோசிக்கவில்லை. அந்த நாளை முன்கூட்டியே யோசித்துப் பார்க்க வைப்பதுதான் 'ஆனால்' செய்யும் வேலை.

நல்ல 'ஆனால்' எது, சப்பையான 'ஆனால்' எது?

சக்தியோடு சம்பந்தமே இல்லாத குறை சப்பையானது. 'பறக்கலாம், ஆனால் உன் தலைமுடி பச்சையாகிவிடும்' என்றால் ஒரு நிமிடம் சிரிக்கலாம், அவ்வளவுதான். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. 'பறக்கலாம், ஆனால் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும்' என்பது வேறு. தனிமைக்காகப் பறக்க ஆசைப்பட்டவருக்கு அது பயன்படாது, நாலு பேர் பார்க்க வேண்டும் என்பவருக்குத் தடையே இல்லை. ஒரே 'ஆனால்' ஆளுக்கு ஆள் வேறு எடை காட்டினால் அது நல்ல 'ஆனால்'.

இன்னொரு வித்தியாசமும் முக்கியம். சில குறைகள் சக்தியைப் பயன்படுத்தும்போது மட்டும் வரும்; பயன்படுத்தாமல் இருந்தால் தொல்லை இல்லை. சில குறைகள் இருபத்து நான்கு மணி நேரமும் கூடவே இருக்கும். பலர் இந்த வித்தியாசத்தைக் கேட்காமலேயே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். முதல் வகையில் கடிவாளம் உங்கள் கையில் இருக்கிறது, இரண்டாவது வகையில் இல்லை. கேட்பவர் சொல்லாவிட்டால் நீங்களே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

எல்லாரும் பறக்கறதையே கேக்கறாங்களே, அது அவ்வளவு நல்ல சக்தியா?

ஆசை நியாயமானது. ஆனால் வானம் அவ்வளவு சுகமான இடம் இல்லை. மேலே போகப் போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 3 கிலோமீட்டர் உயரத்தில் தரையைவிட ஏறக்குறைய 20 டிகிரி குளிர். ஐந்தரை கிலோமீட்டரில் காற்றழுத்தம் பாதியாகிவிடும், மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் பாதி. பயணிகள் விமானம் போகும் 10, 11 கிலோமீட்டர் உயரத்தில் வெளியே கிட்டத்தட்ட மைனஸ் 50 டிகிரி. வேகமும் அப்படித்தான். மணிக்கு 100 கிலோமீட்டரில் முகத்தில் காற்று அடித்தால் கண்ணைத் திறந்து வைப்பதே சிரமம், எதிரே வரும் வண்டு கல் மாதிரி அடிக்கும்.

அதனால் 'நடக்கும் வேகத்தில்தான் பறக்கலாம்' என்ற 'ஆனால்' மேலோட்டமாகப் பார்த்தால் ஏமாற்றம், உண்மையில் பரவாயில்லை. மரத்து உயரத்தில் மெதுவாக மிதந்துகொண்டு போவதற்குக் கண்ணாடியும் வேண்டாம், கம்பளி உடுப்பும் வேண்டாம். வேகமாகப் போய்ச் சேர வேண்டும் என்பவர்களுக்கு இது போதாது. பறக்கும் அனுபவத்துக்காகக் கேட்டவர்களில் பெரும்பாலோர் யோசித்துப் பார்த்துவிட்டு இதை எடுத்துக்கொள்கிறார்கள்.

மாயமா மறைஞ்சா கண்ணு தெரியாதுன்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம்தான். கண்ணுக்குள் நுழையும் ஒளி பின்னால் இருக்கும் விழித்திரையில் உறிஞ்சப்பட வேண்டும். அப்போதுதான் மூளைக்குச் செய்தி போகும். உடல் முழுக்க ஒளியை அப்படியே கடத்திவிட்டால் விழித்திரையிலும் ஒளி தங்காது, பார்வையும் இருக்காது. பார்வை வேண்டுமென்றால் விழித்திரை மட்டுமாவது மறையாமல் இருக்க வேண்டும். அப்போது இரண்டு சின்னக் கிண்ணம் மாதிரி அந்தரத்தில் தெரியும். அதோடு, இமையும் கண்ணாடி மாதிரி ஆகிவிடுவதால் கண்ணை மூடினாலும் வெளிச்சம் போகாது. மறைந்த நிலையில் பகலில் தூங்குவது சிரமம்.

இதைவிட ஆழமான கேள்வியைப் பிளேட்டோ ஏறக்குறைய 2,400 வருடங்களுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். ஆடு மேய்க்கும் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருகினால் மறைந்துவிடலாம். யாரும் பார்க்க முடியாது என்று தெரிந்தபிறகும் ஒருவன் நேர்மையாக இருப்பானா? எங்கள் கூட்டத்தில் இந்தக் கதையைச் சொன்ன பிறகு மறையும் சக்தியைக் கேட்பவர்களின் குரல் கொஞ்சம் இறங்கும். 'எதற்காக மறைய வேண்டும்?' என்ற கேள்விக்குச் சத்தமாகச் சொல்லக்கூடிய பதில் பலரிடம் இருப்பதில்லை. கூச்ச சுபாவம் உள்ள ஒருவர் மட்டும் 'கூட்டத்தைக் கடந்து போகும் அந்த ஐந்து நிமிடத்துக்காக' என்றார். எனக்குப் பிடித்த பதில் அது.

அடுத்தவங்க மனசுல நினைக்கறது கேட்டா வாழ்க்கை ஈஸிதானே?

வழக்கமாக நான் வைக்கும் 'ஆனால்': அதை நிறுத்த முடியாது. முன்னால் சொன்ன இருபத்து நான்கு மணி நேர வகை. ஒரு பேருந்தில் நாற்பது பேர் இருந்தால் நாற்பது மனமும் ஒன்றாகக் கேட்கும்.

சத்தத்தைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மனதில் ஓடுவது எல்லாம் ஒருவருடைய முடிவான கருத்து ஆகாது. நெருங்கிய ஒருவர்மீது எரிச்சல் வந்தால் கண நேரத்துக்குக் கடுமையாக ஏதாவது தோன்றும், அடுத்த கணமே அது கரைந்துவிடும், வாயில் வருவதே இல்லை. எல்லோருக்கும் அப்படித்தான். அந்தக் கணத்தை நீங்கள் கேட்டுவிட்டால் அவர் மறந்துவிடுவார், நீங்கள் மறக்க மாட்டீர்கள். நல்ல உறவுகள் பல, சொல்லாமல் விட்ட சொற்களின் மேல்தான் நிற்கின்றன என்று நான் நினைக்கிறேன். இந்தச் சக்தியை எந்த 'ஆனால்' போட்டுக் கொடுத்தாலும் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எதையும் மறக்காத ஞாபக சக்தி குடுங்க. அதுல என்ன குறை வரப்போகுது?

இதற்குக் கற்பனையே தேவையில்லை, உண்மையில் நடந்திருக்கிறது. ரஷ்ய உளவியலாளர் அலெக்சாண்டர் லூரியா, ஷெரெஷெவ்ஸ்கி என்ற மனிதரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். நீண்ட எண் பட்டியலை ஒருமுறை பார்த்தால் போதும், வருடங்கள் கழித்தும் அவர் திரும்பச் சொல்வார். ஆனால் முகங்களை நினைவில் வைப்பது அவருக்குக் கஷ்டம். ஒரே முகம் சிரிக்கும்போது ஒன்று, சோர்ந்திருக்கும்போது இன்னொன்று என்று நுணுக்கமாக மாறிக்கொண்டே இருப்பதாக அவருக்குத் தோன்றியது. வேண்டாத நினைவுகளை மறப்பதற்காகத் தாளில் எழுதி எரித்தும் பார்த்திருக்கிறார், பலன் இல்லை.

2006-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வேறொரு வகை நினைவாற்றலைப் பற்றி எழுதினார்கள். ஒரு பெண்மணிக்குத் தன் பதின்ம வயதிலிருந்து ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறது. அந்த நினைவுகள் ஓயாமல் ஓடிக்கொண்டே இருப்பது பெரிய சுமை என்று அவரே சொல்லியிருக்கிறார். துக்கமும் அவமானமும் நாள்பட மங்குவதால்தான் நம்மால் அடுத்த வேலையைப் பார்க்க முடிகிறது. இந்தச் சக்தியில் 'ஆனால்' வெளியிலிருந்து வர வேண்டியதே இல்லை, உள்ளேயே இருக்கிறது.

அதனால் இதை விளையாட்டில் கொடுக்கும்போது நான் ஒரு சலுகை தருவேன்: படித்தது எதுவும் மறக்காது, ஆனால் வாழ்ந்தது வழக்கம் போல மங்கும். மாணவர்கள் உடனே கை தூக்குவார்கள். வயதானவர்கள் இதை அப்படியே திருப்பிக் கேட்பார்கள்: படித்தது போகட்டும், வாழ்ந்தது இருக்கட்டும் என்று. இந்த ஒரு கேள்வியில் வயது இப்படிக் குறுக்கே வந்து நிற்பதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

வலியே தெரியாத உடம்பு? தூக்கமே வேண்டாத உடம்பு?

வலி உணராமல் பிறப்பவர்கள் உலகில் மிகச் சிலர் இருக்கிறார்கள். அதற்குக் காரணமான ஒரு மரபணு மாற்றத்தை 2006-இல் கண்டுபிடித்தார்கள். அந்தக் குழந்தைகள் நாக்கைக் கடித்துக்கொண்டாலும் தெரியாது, எலும்பு முறிந்தாலும் தெரியாமல் நடப்பார்கள். வலி ஒரு காவல்காரன் மாதிரி என்பதை அவர்களுடைய பெற்றோர்கள்தான் நன்றாக அறிந்தவர்கள். இதை எடுத்துக்கொள்பவர் தினமும் உடம்பு முழுக்கப் பரிசோதித்துப் பார்க்கும் வேலையையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறார்.

தூக்கம் வேறு. 1964-இல் ஒரு பதினேழு வயது மாணவர் 264 மணி நேரம், அதாவது 11 நாள் விழித்திருந்தார். நாட்கள் போகப் போகக் கவனமும் நினைவும் தடுமாறின. அந்தத் தொல்லை எதுவும் இல்லாமல் தூக்கத்தை மட்டும் நீக்கித் தருகிறேன், ஆனால் கனவும் இனி இல்லை என்பது நான் வைக்கும் பேரம். பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். இறந்துபோன ஒருவரைக் கனவில் மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

நேரத்தை நிறுத்திட்டு வேலையெல்லாம் முடிச்சுடலாமே?

நிறுத்திய நேரத்திலும் உங்கள் உடம்புக்கு வயது ஏறும் என்பதுதான் இதன் 'ஆனால்'. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 2 மணி நேரம் நிறுத்தினால் 12 நாளுக்கு ஒரு நாள் கூடுதலாக வாழ்ந்திருப்பீர்கள். 12 வருடத்தில் ஒரு வருடம் அதிக வயது. பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் சக்தி கையில் இருந்தால் 2 மணி நேரத்தோடு யார் நிறுத்துவார்கள்? நாளுக்கு 8 மணி நேரம் என்றால் மூன்று வருடத்துக்கு ஒரு வருடம். முப்பது வருடம் கழித்துக் கூடப் படித்தவர்களைப் பார்க்கும்போது நீங்கள் அவர்களைவிடப் பத்து வயது மூத்தவர்.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, அந்தக் கூடுதல் வருடங்கள் முழுக்க யாரும் கூட இல்லாத வருடங்கள் என்பது. வேலை முடியும், ஆனால் வேலைக்கு நடுவில் யாரோடும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டீர்கள்.

இதெல்லாம் கற்பனைதானே, நடுவுல அறிவியலை ஏன் இழுக்கறீங்க?

நியாயமான புகார். முழுவதும் இழுத்தால் எந்தச் சக்தியும் மிஞ்சாது. நேரம் நின்றால் ஒளியும் நிற்கும், கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. காற்று அசையாது, மூச்சு விடவே முடியாது. நினைத்த இடத்துக்கு நொடியில் போகும் சக்தியை எடுத்துக்கொண்டால், பூமத்திய ரேகையில் தரை மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே சுழல்கிறது, 60 டிகிரி அட்சரேகையில் அதில் பாதி வேகம்தான். இங்கிருந்து அங்கே தாவியவர் மீதி வேகத்தோடு போய் விழுவார். நூறு மடங்கு வேகமாக இயங்குபவருக்கு மற்றவர்கள் பேச்சு காதில் விழாது, ஏனென்றால் 200 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 200 அதிர்வு) குரல் அவருக்கு 2 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். மனிதக் காது சுமார் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேட்காது. எதிரில் இருப்பவர் அரை நொடியில் சொல்லும் 'சரி' அவருக்கு 50 நொடி நீளும்.

அதனால் நாங்கள் ஒரு எல்லை வைத்திருக்கிறோம். சக்தியைப் பயன்படுத்தி உயிரோடு இருப்பதற்குத் தேவையானவை இலவசம். மூச்சு விடலாம், கண் தெரியும், எலும்பு முறியாது. உயிருக்கு ஆபத்தில்லாத சங்கடங்கள் மட்டும் அப்படியே இருக்கும். பறக்கும்போது குளிரும், மறைந்திருக்கும்போது வெளிச்சத்தில் தூக்கம் வராது. அறிவியல் தருகிற 'ஆனால்' பல நேரம் நாம் யோசித்து வைப்பதைவிட அழகாக இருப்பதால் அதை முழுதாக விட எனக்கு மனம் வரவில்லை.

சாகாவரம் எடுக்கலாமா, வேண்டாமா?

கேட்கும் சொற்களில் கவனமாக இருங்கள். கிரேக்கக் கதையில் விடியலின் தேவதை தன் காதலன் தித்தோனசுக்குச் சாகாவரம் வாங்கித் தந்தாள், இளமையைக் கேட்க மறந்துவிட்டாள். அவன் சாகாமல் கிழவனாகிக்கொண்டே போனான். இளமையோடு சேர்த்துத்தான் தருகிறேன் என்றாலும் கணக்கு நீளம். சுமார் நூறு கோடி ஆண்டுகளில் சூரியன் இப்போதைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அதிகமாக ஒளிரும், கடல்கள் தாங்காது. சுமார் 500 கோடி ஆண்டுகளில் சூரியனே ஊதிப் பெருத்துச் சிவக்கும். வரம் வாங்கியவர் அப்போதும் இருப்பார்.

நான் வைக்கும் 'ஆனால்' அவ்வளவு தூரம் போகாது: நீண்ட ஆயுள் தரும் கனி ஒன்றே ஒன்று, ஒருவருக்குத்தான். அதியமான் தனக்குக் கிடைத்த நெல்லிக்கனியை, அதன் மகிமையைச் சொல்லாமலேயே ஔவைக்குக் கொடுத்தான் அல்லவா, அதே நிலைமை. 'நீயே சாப்பிடுவாயா, யாருக்குக் கொடுப்பாய்?' என்று கேட்டால் பலர் உடனே ஒரு பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். 'வாங்கிக்கொள்பவருக்கு அது வேண்டுமா என்று கேட்டாயா?' என்பது அடுத்த கேள்வி. அங்கேதான் பேச்சு மணிக்கணக்கில் ஓடும்.

நாளைக்கு நடக்கறது தெரியும், ஆனா மாத்த முடியாது. இதை யாராவது எடுப்பாங்களா?

எடுக்கிறார்கள். இரண்டு விதமாக இதைக் கேட்கலாம். கிரேக்கக் கதையில் வரும் கசாந்திராவின் குறை: நடக்கப்போவதைச் சொல்லலாம், யாரும் நம்ப மாட்டார்கள். நம் நாட்டுப்புறக் கதைகளில் வரும் சகாதேவனின் குறை: எல்லாம் தெரியும், வாய் திறந்து சொல்லக் கூடாது. இரண்டில் எது என்று கேட்டால் பெரும்பாலோர் கசாந்திராவை எடுக்கிறார்கள். சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியாவது மிஞ்சும் என்பது அவர்கள் காரணம்.

மாற்றவே முடியாது என்றால் எதற்கு என்று நானும் நினைத்திருந்தேன். ஒரு பெண் சொன்ன காரணம் என்னை மாற்றியது. அவர் தந்தை எதிர்பாராமல் இறந்தவர். 'தடுக்க முடியாது என்றாலும், முந்தின நாள் மாலை நான் வேலை இருக்கிறது என்று போனை வைத்திருக்க மாட்டேன்' என்றார்.

எடை போட ஒரு வழி சொல்லுங்க. எனக்கு எல்லாமே சரிசமமா தெரியுது.

ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். விசேஷம் எதுவும் இல்லாத செவ்வாய்க்கிழமை மதியம். அன்றைக்குச் சக்தி எத்தனை முறை பயன்படும், குறை எத்தனை முறை உறுத்தும் என்று எண்ணுங்கள். நெருப்பில் நடந்தாலும் சுடாத உடம்பு பிரமாதம்தான், ஆனால் செவ்வாய்க்கிழமை மதியம் நெருப்பு எங்கே இருக்கிறது? 'ஆனால் எதுவும் ருசிக்காது' என்ற குறை மூன்று வேளையும் வரும்.

நம் மனம் செய்யும் இரண்டு சாய்வுகளையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஏமஸ் டிவெர்ஸ்கி இருவரும் 1979-இல் எழுதியது போல, கிடைப்பதைவிட இழப்பது நமக்குப் பெரிதாகத் தெரியும். பிற்கால மதிப்பீடுகளில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் குறையைக் கேட்டதும் வரும் முதல் 'ஐயோ, வேண்டாம்'ஐ அப்படியே நம்ப வேண்டாம். இன்னொரு பக்கம், பரிசுச் சீட்டில் பெரும்பணம் வென்ற 22 பேரை வைத்து 1978-இல் ஓர் ஆய்வு நடந்தது. மற்றவர்களைவிட அவர்கள் குறிப்பிடும்படி மகிழ்ச்சியாக இல்லை, அன்றாடச் சின்னச் சந்தோஷங்கள் அவர்களுக்குக் குறைவாகவே இனித்தன. சக்தியும் பழகிப்போகும் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

குறையை ஏமாத்த வழி கண்டுபிடிச்சுட்டேன். செல்லுமா?

ஒருமுறை செல்லும். இரணியன் மனிதனாலும் மிருகத்தாலும் சாகக் கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, உள்ளேயும் வெளியேயும் கூடாது என்று அத்தனை கதவையும் அடைத்தான். நரசிங்கம் அந்தி நேரத்தில் வாசற்படியில் வந்தது. கதவை அடைப்பவருக்கும் இடுக்கைத் தேடுபவருக்கும் நடக்கும் இந்தப் போட்டியும் விளையாட்டின் பாதி சுவை.

ஒரு பையன் தொலைந்த பொருள் சக்தியை எடுத்துக்கொண்டு, 'என் சாவிக்கொத்தை முதலிலேயே தம்பிக்குப் பரிசாகக் கொடுத்துவிடுவேன், தொலைந்தால் அது அவன் பொருள்தானே' என்றான். ஒப்புக்கொண்டேன். ஆனால் குறையே இல்லாமல் செய்துவிடும் இடுக்கு என்றால், கேட்பவர் அதை அடைத்துவிட்டு மறுபடி கேட்கலாம். இல்லாவிட்டால் இரண்டாவது கேள்விக்கே திரும்பிப் போய்விடுவோம்.

பெரிய சக்தி பெரிய குறை, சின்ன சக்தி சின்ன குறை. எது புத்திசாலித்தனம்?

செவ்வாய்க்கிழமைக் கணக்கில் சின்னதுதான் பெரும்பாலும் ஜெயிக்கும். நான் கேட்டதில் பலர் சண்டை போட்டுக் கேட்ட சின்னச் சக்திகள்: அழுகிற எந்தக் குழந்தையையும் தூங்கவைக்கலாம், ஆனால் நீயும் தூங்கிவிடுவாய். ஒருவர் எதற்காகக் கோபப்படுகிறார் என்ற உண்மைக் காரணம் தெரியும், ஆனால் உன் கோபத்தின் காரணம் அவருக்கும் தெரிந்துவிடும். இரண்டாவதை ஒரு கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் எடுத்துக்கொண்டார்கள்.

சின்னப் பிள்ளைங்களோட ஆடலாமா?

தாராளமாக. ஏழெட்டு வயதிலிருந்து நன்றாக ஆடுகிறார்கள். அப்பா அம்மாவுக்கு ஏதாவது ஆகும் என்கிற மாதிரி 'ஆனால்' மட்டும் வேண்டாம். நமக்கு விளையாட்டு, அவர்களுக்கு ராத்திரி தூக்கம் போகும்.

குறை என் மேல விழாம வேற யார் மேலயாவது விழுந்தா?

இதுதான் நான் கேட்கும் கேள்விகளில் கனமானது, எளிதில் கேட்பதில்லை. தொட்டால் நோய் குணமாகும், ஆனால் அந்த வலி உலகத்தில் எங்கேயோ முகம் தெரியாத ஒருவருக்குப் போகும். எடுத்துக்கொள்வாயா? 'மாட்டேன்' என்று உறுதியாகச் சொன்ன பலர், 'உன் குழந்தைக்கு என்றால்?' என்று கேட்டதும் அமைதியாகிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அமைதியாகத்தான் இருந்தேன்.

சிலர் பேரம் பேசுவார்கள்: கெட்டவனுக்குப் போகட்டும், சம்மதம் சொன்னவருக்குப் போகட்டும், ஆயிரம் பேருக்குப் பிரித்துப் போகட்டும். கடைசிப் பேரத்தில் விஷயம் இருக்கிறது. ஆயிரம் பேருக்கு ஒரு நிமிடத் தலைவலி என்றால் பெரும்பாலோர் சம்மதிக்கிறார்கள். ஆனால் அந்த ஆயிரம் பேரில் ஒருவர் அந்த நேரம் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தால் என்று யாராவது ஒருவர் கேட்பார். முடிவு வராது. எத்தனை முறை ஆடினாலும் வந்ததில்லை.

சரி, நீங்க எதை எடுப்பீங்க?

நானும் குணப்படுத்தும் சக்தியைத்தான் எடுப்பேன், வலி என்மேலேயே விழும் என்ற 'ஆனால்' போட்டு. நோயாளி எவ்வளவு வலியில் இருந்தாரோ அதே வலி எனக்கு ஒரு மணி நேரம். பயன்படுத்தும்போது மட்டும் வரும் வகை, கடிவாளம் என் கையில் என்று மகிழ்ச்சியாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் உறவுக்காரச் சிறுமி ஒருத்தி, 'ஒரு நாளைக்கு எத்தனை பேரைத் தொடுவீங்க?' என்று கேட்டாள். மூன்று பேர், அதற்குமேல் தாங்காது என்றேன். 'நாலாவது ஆளு வாசல்ல நின்னா?' என்றாள்.

அன்றிலிருந்து நான் இன்னொரு 'ஆனால்' சேர்த்துக் கேட்கிறேன்: ஒரு நாளைக்கு ஒருவரைத்தான், அதற்குமேல் நானே நினைத்தாலும் கை வேலை செய்யாது. சக்தி சிறிதாகிவிட்டது. ஆனால் வாசலில் நிற்பவரிடம் 'முடியவில்லை' என்று உண்மையாகச் சொல்லலாம், 'மாட்டேன்' என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சிறுமியிடம் இதைச் சொன்னபோது, 'அந்த ஒருத்தர் யாருன்னு யாரு முடிவு பண்ணுவாங்க?' என்று கேட்டாள். அதைப் பற்றி நாங்கள் இருவரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்போதைக்கு, முதலில் வந்தவர் என்று வைத்திருக்கிறோம். அவளுக்கு அதில் திருப்தி இல்லை.